இறகு முளைக்கக் கொடுத்த தீனி

என் கணவருக்குப் பார்வை போன இரண்டாம் வருஷம் எங்கள் வீட்டுக்குக் கோழிகள் வந்தன.

அவர் தனியார் பஸ் ஓட்டியவர். சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாக ராஜபாளையம் போய்த் திரும்புகிற வண்டி. சர்க்கரை நோய் கண்ணுக்குள் போய்விட்டது. மதுரையில் லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கடைசியில் இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரியும். வலது கண்ணில் அதுவும் இல்லை. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். காலையில் நான் கிளம்பினால் சாயங்காலம் வரை அவர் தனியாக இருக்க வேண்டும். முதலில் தெருவில் போகிற பஸ்களின் ஹாரனை வைத்து எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

அவரோடு பல வருஷம் வேலை பார்த்த கண்டக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூரிலிருந்து பெரிய கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் ஏழு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன.

“சும்மாவே இருந்தா மனசு கெட்டுப்போகும்வே. இதுகளப் பாத்துக்கிடும்” என்றார்.

“பாக்கதுக்குக் கண்ணு வேணும்லா” என்றார் என் கணவர்.

“தீனி போடக் கை போதும்வே.”

எனக்குக் கோழிகள் வந்ததில் சந்தோஷமில்லை. பின்வாசல் முழுக்க எச்சமாகும், கூட்ட வேண்டியது நான்தான் என்று நினைத்தேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் அவர் மாறினார். கொடிக்கயிறு ஒன்றைச் சமையலறையிலிருந்து கோழிக்கூடு வரை கட்டச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தானே போவார், கூட்டைத் திறப்பார், மூடுவார். எடையை வைத்தும் குரலை வைத்தும் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டார். தலையில் இறகுக் கொத்து உள்ளது கொண்டைக்காரி. கழுத்தில் இறகே இல்லாதது மொட்டைக்கழுத்து. கையில் எடுத்தால் முனகுகிற ஒன்றுக்குக் கிழவி. முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “இது இப்பம் இட்டது” என்பார். அவர் சிரித்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவள் கணவன் விசைத்தறியில் வேலை பார்க்கிறான். அவள் பதினொரு கோழி வைத்திருந்தாள். முட்டையைத் தெருவில் விற்பாள். பிள்ளை பெற்ற வீடுகளுக்குச் சொல்லிவைத்துக் கொடுப்பாள். எங்கள் பின்வாசலுக்கும் அவள் பின்வாசலுக்கும் நடுவே ஒரு கம்பி வலைதான். அந்த வலைக்கு அப்புறம் நின்றுகொண்டு அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். என்னை மதினி என்பாள், அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அந்த ஐப்பசியில்தான் கோழிகளுக்கு இறகு உதிர ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது அவர்தான். காலையில் கூட்டுக்குள் கையை விட்டவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கை நிறைய இறகு வைத்துக்கொண்டு நின்றார். “நாய் புகுந்துட்டா? ரத்தம் கிடக்கா பாரு” என்றார். ரத்தம் இல்லை. ஆனால் கொண்டைக்காரியின் கழுத்தும் முதுகும் தோல் தெரியக் கிடந்தன. கிழவிக்கு வால் முழுவதும் போயிருந்தது. முட்டை இடுவதும் நின்றுபோனது. தொட்டால் கோழிகள் கத்தின. அதுதான் அவரை ரொம்ப வருத்தியது. தொடாமல் அவருக்கு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நான் போனில் படம் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் ஒரு இளம் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, “இது நோய் இல்லம்மா. பழைய இறகை உதிர்த்துட்டுப் புதுசு மாத்துது. வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளதுதான்” என்றாள். இறகு முளைக்கப் புரதம் நிறைய வேண்டும், இந்தச் சமயத்தில் வெறும் கம்பும் அரிசியும் போதாது என்றாள். முளைகட்டின பயறு, புண்ணாக்கு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கொஞ்சம் கருவாட்டுத் தூள். தண்ணீரில் கலக்க ஒரு டானிக் எழுதிக் கொடுத்தாள். நான் எழுந்தபோது மறுபடி கூப்பிட்டு, “கருவாடு உப்பில்லாததாப் பாத்து வாங்குங்க. கிடைக்கலன்னா ஊற வச்சு, ரெண்டு மூணு தண்ணி மாத்திக் கழுவி, நல்லாக் காய வச்சு இடிங்க. கோழிக்கு உப்பு ஆகாது. பக்கத்துல தண்ணி எப்பவும் இருக்கணும்” என்றாள்.

அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் கோழித்தீனி தவிர வேறு பேச்சில்லை. பயறு ஊறப்போட்டாயா, துணியில் கட்டினாயா, முருங்கைக்கீரை உருவினாயா. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார். கோழிக்குப் போடக் கரையான் பிடிக்க ஒரு பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்ததாம். வைத்தேன். தினமும் அதைத் தூக்கிப் பார்த்து, எத்தனை ஏறியிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கென்று அவித்து வைக்கிற முட்டையில் பாதியைப் பிசைந்து கோழிக்குப் போட்டுவிடுவார். “நீங்க சாப்பிடத்தான் உங்க டாக்டர் சொன்னாங்க” என்றால், “அதுக்கு முள்ளு முள்ளா முளைக்குதுட்டி. எனக்கு என்ன முளைக்கப்போகுது?” என்பார்.

நான் அவருக்காகச் செய்த எதையும் இந்த அளவு கவனித்து அவர் பேசியதில்லை. அது எனக்குள் கிடந்து கசந்தது. அவர் குளிக்க, உடுத்த, சாப்பிட எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். இப்போது எட்டுக் கோழிக்கும் நான் வேண்டும். ஒருநாள் பயறைத் துணியில் கட்டும்போது, இதுகள் செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்தேன். மனதில்தான் நினைத்தேன். ஆனாலும் நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

முதல் தடவை வாங்கிய சாளைக் கருவாட்டை ஒழுங்காகவே செய்தேன். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினேன். மொட்டைமாடியில் இரண்டு நாள் காய்ந்தது. அவர் இரும்பு உரலில் இடித்துத் தூளாக்கி, புண்ணாக்கோடு பிசைந்து வைத்தார். கோழிகள் சண்டை போட்டுத் தின்றன. பத்து நாளில் கொண்டைக்காரியின் கழுத்தில் சாம்பல் நிறத்தில் குச்சி குச்சியாக இறகுக் குருத்து வந்தது. நான் அதை அவரிடம் சொன்னபோது, “கறுப்பா, செம்பட்டையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தீபாவளி கழிந்த வாரம் அந்தத் தூள் தீர்ந்தது. சந்தையில் மறுபடி வாங்கினேன். இந்தத் தடவை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்த கருவாடுதான் கிடைத்தது. விடாமல் மழை. கழுவினால் காய வைக்க இடமில்லை. வீட்டுக்குள் விரித்தால் நாற்றம் தாங்காது. பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்ததால் தினமும் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பினேன். ஒரு சாயங்காலம் அவர் நாலு தடவை கேட்டுவிட்டார். நான் கருவாட்டை ஒரு துணியால் துடைத்தேன். இருப்புச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்தேன். அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“கழுவினியாட்டி?”

“கழுவியாச்சு.”

“எத்தன தண்ணி?”

“மூணு.”

அவர் உரலை இழுத்து இடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையிலும் மழை. இறகில்லாத கோழிகள் நனைந்தால் தாங்காது என்று அவர் கூட்டைத் திறக்கவில்லை. உள்ளேயே தீனியை வைத்தார். நான் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். பின்வாசலிலிருந்து கேட்டார்: “சட்டியில தண்ணி இருக்கா பாரு.”

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கூட்டுக்குள் இருக்கிற தண்ணீர்ச் சட்டி தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். கட்டிய சேலையோடு சேற்றில் இறங்க வேண்டும்.

“இருக்கு” என்றேன்.

சாயங்காலம் வந்தபோது முன்கதவு திறந்தே கிடந்தது. அவரைக் காணோம். பின்வாசலுக்குப் போனேன். கூட்டின் முன்னால் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தார். மடியில் கொண்டைக்காரி கிடந்தது. அதன் கழுத்து முறுக்கி முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. கால்கள் மட்டும் எதையோ மிதிப்பது போல அசைந்துகொண்டிருந்தன. சேவலும் இரண்டு கோழிகளும் செத்துக் கிடந்தன. மற்றவை மூலையில் சாய்ந்திருந்தன.

அவர் சொன்னார். மத்தியானத்தில் கோழிகள் ஒரு மாதிரி கத்தியிருக்கின்றன. அவர் கயிற்றைப் பிடித்துப் போய்க் கையை விட்டுப் பார்த்தபோது சட்டி கவிழ்ந்து காய்ந்து கிடந்திருக்கிறது. அவசர அவசரமாக வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சட்டி நிறைய ஊற்றியிருக்கிறார். “குடிச்சுதுகட்டி, அப்பிடிக் குடிச்சுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் குடிச்சுது. மூணு சட்டி ஊத்தினேன். பிறகு ஒவ்வொண்ணா விழுந்த சத்தம் கேட்டுது.”

கொண்டைக்காரி அவர் மடியிலேயே அடங்கியது. அவர் விரலால் அதன் கழுத்தைத் தடவினார். குருத்து விட்டிருந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினார்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். என்ன தின்றன என்று கேட்டாள். கருவாடு என்றேன். “கழுவுனீங்களாம்மா?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் மாறியது. “உயிரோட இருக்கறதுக்குத் தண்ணியை மொத்தமா வைக்காதீங்க. வெல்லம் கலந்து கொஞ்சம் கொஞ்சமா, இடைவெளி விட்டுக் கொடுங்க. தாகத்துல மொத்தமாக் குடிச்சா இன்னும் மோசமாகும்” என்றாள்.

போனை வைத்ததும் அவர் கேட்டார்: “என்ன சொல்லுதாங்க?”

“கழிச்சலாம்” என்றேன்.

வெள்ளைக் கழிச்சல் கோழிகளுக்கு வருகிற கொள்ளைநோய். ஒரு வீட்டுக்கு வந்தால் தெருவையே காலி செய்துவிடும். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது, அதைத் திருப்பி எடுக்க எனக்குத் தைரியமில்லை.

விடிவதற்குள் மேலும் இரண்டு போயின. கிழவியும் மொட்டைக்கழுத்தும் மட்டும் பிழைத்தன. அவர் குழி தோண்டச் சொல்லிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். புதைத்தேன். அது முடிந்ததும் வலைப் பக்கம் போய் நின்று கூப்பிட்டார்.

“ஏம்மா, எங்க கோழிக்குக் கழிச்சல் வந்துட்டு. ஆறு போச்சு. உன் கோழிய இந்தப் பக்கமே விடாத.”

அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “அண்ணாச்சி, நெசமாவா? யாரு சொன்னா?”

“டாக்டரே சொல்லிருக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்று மத்தியானம் கோழி வியாபாரி மொபெட்டில் வந்தான். பதினொன்றையும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டான். செத்தால் ஒன்றுக்கும் ஆகாது, உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவோம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதில் ஒன்று அடையில் இருந்த கோழி. அதை முட்டைகள் மேலிருந்து தூக்கும்போது அது போட்ட சத்தம் என் சமையலறை வரை கேட்டது. நான் பத்து அடி நடந்து போய், வேண்டாம், இது கழிச்சல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். மொபெட் தெரு முனை திரும்புகிற வரை களைந்துகொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் அவர் மீதி இரண்டு கோழிகளையும் தொடவில்லை. தீனியைத் தூர நின்று வீசினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“எங்கையாலதான் பரவியிருக்கும். ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்லா. நாந்தான் ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு ஏத்திவிட்டிருக்கேன். கண்ணு இருக்கவனா இருந்தா தொடாமலே பாத்திருப்பான்.”

அதைக் கேட்ட பிறகும் நான் சொல்லவில்லை. இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாத இடம் அதுதான்.

ஒரு வாரம் இருக்கும். சனிக்கிழமை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். “ஏட்டி, இங்கன வா.”

மீதமிருந்த பழைய தீனியை எல்லாம் கொட்டிவிடலாம் என்று டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார். மடியில் கருவாட்டுத் தூள் டப்பா. மழை ஈரத்தில் தூள் கசிந்து கட்டியாகியிருந்தது. அவருடைய ஆள்காட்டி விரலில் அது ஒட்டியிருந்தது.

“இத நாக்குல வச்சுப் பாரு.”

சோப்பு நுரையிலிருந்த கையைச் சேலையில் துடைத்தேன்.

“நான் வச்சுப் பாத்துட்டேன்” என்றார். “ஒரே உப்பு. கழுவலைல்லா?”

“கழுவல.”

“டாக்டரு கழிச்சல்னா சொன்னா?”

“இல்ல.”

“அன்னைக்குச் சட்டியில தண்ணி இருக்குன்னியே.”

“நான் பாக்கல.”

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு மூன்று தடவை திருகினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். காலையிலிருந்து ராத்திரி வரை நான் படுகிற பாட்டையெல்லாம் சொல்லியிருப்பேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“எங்கிட்ட என்னத்தச் சொன்னாலும் நம்புவேன்னுதான சொன்ன?”

ஆமாம். அவ்வளவுதான் காரணம். சலிப்பு, மழை, வேலை எல்லாம் இருந்தது. ஆனால் அவருக்குக் கண் தெரிந்திருந்தால் கழுவாத கருவாட்டைக் கழுவினேன் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

“பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லு” என்றார்.

“நாளைக்குச் சொல்லுதேன்.”

“இப்பம் போ.”

போனேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு, தண்ணீர், டாக்டர் சொன்னது, நான் சொன்னது. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, “அடைக்கோழி மதினி” என்றாள். “பத்து முட்டை. இன்னும் நாலு நாள்ல பொரிச்சிருக்கும். முட்டைய ஒடைச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் குஞ்சு இருந்துது.”

“கோழி நான் வாங்கித் தாரேன்” என்றேன்.

“வேண்டாம்.”

“அன்னைக்கே நான்…”

“அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“இப்பதான் தெரியும்.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை.

கிழவிக்கும் மொட்டைக்கழுத்துக்கும் மார்கழி முடிவதற்குள் புது இறகு வந்துவிட்டது. நல்ல மினுமினுப்பு. அவர் மறுபடி அவற்றைத் தொட ஆரம்பித்தார். இப்போது பயறை அவரே ஊறவைக்கிறார், அவரே கட்டுகிறார். முருங்கைக்கீரையைத் தெருவில் கூவி விற்கிறவளிடம் அவரே வாங்குகிறார். கருவாடு வீட்டுக்குள் வருவதில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று என்னைக் கேட்பதில்லை. போய்ச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் அவருக்கும் சண்டை ஒன்றுமில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். சட்டை எந்த நிறம் என்று கேட்டால் சொல்கிறேன், போட்டுக்கொள்கிறார். ஆனால் முக்கியமான எதற்கும் என் வார்த்தையோடு நிற்பதில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிவு வந்தால் நான் படித்துக் காட்டிய பிறகு, கண்டக்டருக்குப் போன் செய்து வரவழைத்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிறார். நான் அங்கேயேதான் இருப்பேன். இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

பொங்கல் கழிந்து பக்கத்து வீட்டுக்காரி கரிவலத்திலிருந்து குஞ்சுகள் வாங்கி வந்தாள். அதற்கு முன்பே வலையை ஒட்டித் தகரம் அடித்துவிட்டிருந்தாள். குஞ்சுகள் தெரியாது, சத்தம் கேட்கும். அவர் தகரத்துக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் அவளோடு பேசுவார். குஞ்சுக்கு என்ன போடுகிறாய், நொய் போடுகிறாயா, ஒன்று கரகரவென்று கத்துகிறதே, சளியா என்று கேட்பார். அவளும் அப்பக்கமிருந்து அண்ணாச்சி, அண்ணாச்சி என்று நிறையப் பேசுவாள். துணி எடுக்கவோ கூட்டவோ நான் பின்வாசலுக்கு வந்தால் என் கொலுசுச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். பேச்சு நின்றுவிடும். நான் உள்ளே போகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் தகரத்துக்கு இரண்டு பக்கமும் சும்மா இருப்பார்கள்.